மேற்கே திரும்பிய குழாய்

"தீ! மேல தீ!"

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகாலுக்கு மொட்டை மாடியிலிருந்து வந்த குரல் அது. கைலாஷ் செருப்புகூடப் போடாமல் படிகளைத் தாவி ஏறினான்.

மேலே வேலாயுதன் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி முடித்திருந்தார். கொடியில் தொங்கிய, ஓணத்துக்குப் புதிதாக எடுத்த அவருடைய ஓணக்கோடி வேட்டியில் தட்டளவு ஓட்டை. விளிம்பு இன்னும் புகைந்தது. அதை ஒட்டி, கைலாஷின் எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த டெலஸ்கோப் வெயிலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. மூடியும் தார்ப்பாயும் தரையில் கிடந்தன.

"உள்ள இருக்கிற கண்ணாடி வெயிலைக் குவிச்சு அடிச்சிருக்கு, சாரே. இது குழல் இல்ல, அடுப்பாக்கும்!"

வேலாயுதனுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். மாடியில் டெலஸ்கோப் வைக்க அனுமதி கொடுத்த அன்றே, பார்த்து முடித்ததும் மூடிவைப்பதாக எழுதி வாங்கியிருந்தார்.

"ஆறு மணிக்குள்ள கீழ இறக்கிடணும், கேட்டோ. இனி இங்க வேண்டாம்."

கைலாஷ் வீட்டு பால்கனிக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். கீழே போனால் டெலஸ்கோப்புக்கு வானமே கிடையாது. அதுவும் இந்த வருஷம்! சனியின் வளையம் நம் பக்கம் விளிம்பைக் காட்டி மெலிந்துகொண்டே வருகிறது. இப்படி இன்னொரு தடவை பார்க்கப் பதின்மூன்று வருஷமாவது காத்திருக்க வேண்டும்.

மூடினேனா, இல்லையா? நேற்று ஒன்பதரைக்குப் பார்த்து முடித்தான். மூடி 'டப்' என்று உட்கார்ந்தது காதிலேயே இருக்கிறது. ஆனால் அது நேற்றா, முந்தாநாளா? தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்று சுற்றினான். நின்றான். மறுபடி சுற்றினான்.

மனைவி பத்மப்ரியா வந்து கதவோரம் நின்றாள். "குழாய்க்கு தீபாராதனை ஆச்சா?" என்று தினமும் சீண்டுகிறவள், இன்று தரையில் கிடந்த மூடியையே பார்த்தாள்.

அப்போதுதான் டெலஸ்கோப் நோக்கியிருந்த திசை கைலாஷின் கண்ணில் பட்டது. மேற்கு!

நேற்று அவன் பார்த்தபோது சனி கிழக்கே இருந்தது. குழாயைத் திருப்பாமல் அப்படியேதான் விட்டுப் போனான். சனி மேற்கில் இந்த உயரத்துக்கு இறங்குவது விடியற்காலை நாலரைக்கு. சாயங்காலம் ஏறக்குறைய அதே இடத்துக்குச் சூரியன் வந்திருக்கிறது.

"சார், யாரோ விடியக்காலம் வந்து சனியைப் பார்த்திருக்கா."

"ஆரு? இந்த ஃப்ளாட்டில வானம் பார்க்கிற பிராந்து உங்களுக்கு மட்டும்தானே! மாடிச் சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் இடுப்பில. மற்றது உங்க வீட்டு ஆணியில."

கைலாஷ் மெல்லக் கதவுப் பக்கம் திரும்பினான். பத்மப்ரியா கொடியிலிருந்த கிளிப்புகளை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்களுக்குக் கீழே கருவளையம். பத்து நாளாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"சரி சார்," என்றான் அவசரமாக. "மறந்தது நான்தான். புது வேட்டி வாங்கித் தரேன். இதை இறக்கிடறேன்."

குழாயின் அடியில் கை கொடுத்தான். பத்மப்ரியா குறுக்கே வந்து நின்றாள்.

"அதைத் தொடாதேங்கோ! செக்ரட்டரி சார், பால்காரன் வரதுக்குள்ள கீழ ஓடற அவசரத்துல பழையபடி திருப்பாம, மூடாம விட்டது நான்தான். பத்து நாளா இவருக்குத் தெரியாம வரேன். இன்னிக்கு அந்த வளையம் தலைமுடி மாதிரி ஆயிடுத்து, நாளைக்கு எவ்வளவு மெலியும்னு பார்க்காம எனக்குத் தூக்கம் வராது!"