பிரித்து விட்ட தையல்

கல்யாணக் கோட்டின் ஒரு கை மட்டும் ஏறியது. மறு கைக்கு மூன்று பேர் மல்லுக்கட்டியும் ரெமிஜியஸ் ஒத்துழைக்கவில்லை. செத்த பிறகாவது அண்ணனின் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும் என்று டென்சில் நம்பியிருக்கக் கூடாது.

"மாஸ்டர், முதுகுல நேரா கிழிச்சு வுட்டுர்றேன். முன்னாடி பாத்தா தெரியாது," என்றார் சவப்பெட்டிக் கடை சில்வெஸ்டர், கையில் கத்தரிக்கோலோடு. "நம்ம ஆஸ்டின் டவுன் ஏரியால பாதிப் பேரு முதுகு கிழிஞ்சுதான் மோட்சத்துக்குப் போயிருக்காங்க."

மாஸ்டர் என்றது டென்சிலை. அவனுக்கு ஐம்பத்திரண்டு கிலோ உடம்பு. மாதா கோயில் ஹாலில் இருபத்தாறு வருஷமாகக் கராத்தே வகுப்பு. ஒட்டடைக் குச்சி போன்ற காலை எதிராளியின் காதுவரை தூக்கி உதைப்பான். தனக்கு வந்தது எல்லோருக்கும் வந்தாக வேண்டும் என்பதுதான் அவனுடைய பாடத்திட்டம். குட்டை, நெட்டை, தொப்பை எல்லோருக்கும் அதே உதை. நூற்றுப் பத்துக் கிலோ அண்ணன் வந்து சேர்ந்தபோதும் அதே உதை. ரெமிஜியஸின் கால் யாருடைய பெல்ட்டையும் தாண்டியதில்லை.

"ஒடம்பக் கொற. இல்ல, கால தூக்கு," என்பான் டென்சில். பிள்ளைகள் சிரிப்பார்கள். அண்ணனும் சேர்ந்து சிரிப்பான்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பயிற்சிச் சண்டையில் டென்சில் வழக்கம்போல உதைத்தான். அண்ணன் விலகவில்லை. உதையை விலாவில் வாங்கிக்கொண்டே ஓர் அடி உள்ளே வந்தான், அணைத்தான், இடுப்பைத் திருப்பினான். அடுத்த நொடி டென்சில் ஹாலின் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். வலியே இல்லை. அவன் பின்னந்தலைக்கும் சிமெண்ட் தரைக்கும் நடுவே அண்ணனின் கை இருந்தது.

அந்த உடம்புக்கு அதுதான் சண்டை என்று டென்சிலுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டியதுதான் வினை. வாயில் வந்தது வேறு.

"இது கராத்தே இல்ல மேன், கட்டிப்புடி குஸ்தி. நாளைலருந்து வராத. நானே கூப்புடறேன்."

கூப்பிடவில்லை. பதினோரு கிறிஸ்துமஸ் கேக்கை ஒரே மேசையில் உட்கார்ந்து தின்றார்கள். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த ரெமிஜியஸ் மாரடைப்பில் அப்படியே சரிந்தான்.

"கிழிக்க வேணாம்," என்று அண்ணி குளோரியா எழுந்துபோய் பீரோவைத் திறந்தாள். பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு வெள்ளைக் கராத்தே உடை வெளியே வந்தது. இரண்டு விலாவிலும் ஒட்டுத் துணி. அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னோர் ஒட்டு. ஒன்று பழுப்பேறியிருந்தது, மற்றது புத்தம் புதுசு.

"என்ன அண்ணி இது?"

"வருஷா வருஷம் போட்டுப் பாப்பாரு. பத்தலைன்னா ரெண்டு இஞ்சு சேத்துத் தைக்கச் சொல்வாரு. போன மாசங்கூடத் தெச்சேன்."

"எதுக்கு?"

"நீ கூப்புடறேன்னு சொன்னியாம்ல?"

சில்வெஸ்டர் கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உடை கச்சிதமாக இருந்தது. வெள்ளை பெல்ட்டை டென்சிலே கட்டினான். இருபத்தாறு வருஷ மாஸ்டருக்கு முடிச்சு மூன்றாவது தடவைதான் நேராக விழுந்தது.

ஆறு பேர் தூக்கினார்கள். பெட்டிக்குள் இறக்கும்போது, "தல, தல, பாத்து!" என்று யாரோ கத்தினார்கள். டென்சிலின் கை அதற்கு முன்பே அங்கே போயிருந்தது.

"எறக்கியாச்சு மாஸ்டர்," என்றார் சில்வெஸ்டர். கொஞ்சம் பொறுத்து, "ஃபாதர் வந்துட்டாரு. கைய எடுங்க."

"இருங்க," என்றான் டென்சில்.