நடுக்கடலில் ஒரு பிறை

என் வீட்டுக்காரர் அப்துல் ஜலீலுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. "நோம்பெல்லாம் வேணாம் பாய், உசுரோட விளையாடாதீங்க" என்று மன்னார்குடி டாக்டர் தியாகராசன் வருஷா வருஷம் சொல்வார். இவரும் அடங்கித்தான் இருந்தார். எல்லாவற்றையும் கெடுத்தது பள்ளிவாசல் வாசலில் நடந்த ஒரு கிண்டல்.

துபாயில் இருக்கும் எங்கள் மகன் தௌபீக், இரண்டு பேருக்கும் உலகம் சுற்றும் கப்பலில் இடம் எடுத்துக் கொடுத்தான். கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூட்டம் வெளியே வரும்போது இவருடைய மச்சான் மீரா உசேன், "நோம்பு மாசத்துல கப்பலாம்ல! மச்சான் நோம்பை வூட்லயே பூட்டி வச்சிட்டுப் போறாரு" என்று சிரித்திருக்கிறார். இவர் அரிசி மண்டிக்காரர். வாய்ச்சொல்லை நம்பியே மூட்டை மூட்டையாக வாங்கி விற்ற மனுஷர். "ஒண்ணு விடாம புடிச்சிட்டுத்தான் மன்னார்குடில கால் வைப்பேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார்.

பிரயாணிக்கு நோன்பு கட்டாயமில்லை. நோயாளிக்கும் இல்லை. அல்லாவே விட்டுக்கொடுத்ததை இந்த மனுஷர் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

முதல் நோன்பு ஜான்சிபாரில். தெருவுக்குத் தெரு பள்ளிவாசல், கிராம்பு வாசனை, நம் ஊர் போலவே கஞ்சி. அங்கே நன்றாகத்தான் இருந்தார். கேப்டவுனில் எல்லோரும் கம்பி வண்டியில் மலைமேல் போனார்கள். இவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆளைத் தூக்குகிற குளிர்காற்றில் இவர் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. "வெயிலு" என்றார். வெயில் எங்கே இருந்தது? சர்க்கரை இறங்கினால் வரும் வேர்வை அது.

அதற்கப்புறம் பிரேசில் போகும்வரை கரையே கிடையாது. கப்பல்காரர்கள் இதைக் 'கடல் நாள்' என்கிறார்கள். நம் பக்கம் வெள்ளம் வந்து வயல் முழுகினாலும் எங்கேயாவது ஒரு வரப்பு, ஒரு தென்னை தெரியும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். கீழே பாட்டும் ஆட்டமுமாக இருப்பார்கள். இவர் மேல்தளத்தில் உதடு வெடித்துப்போய், சூரியன் எப்போது இறங்கும் என்று உட்கார்ந்திருப்பார். சர்க்கரை கண்ணையும் தின்றிருந்தது. தூரத்தில் எல்லாம் மங்கல். "முங்கிடுச்சா புள்ள?" என்று என்னைத்தான் கேட்பார்.

ஒருநாள் மேகமூட்டம். இவர் கை வெடவெடவென்று ஆடியது. "முங்கிடுச்சு, நோம்பு தொறங்க" என்றேன். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். அந்த நேரம் பார்த்தா மேகம் விலக வேண்டும்? தண்ணீருக்கு ஒரு முழம் மேலே சூரியன் நின்று இவர் முகத்திலேயே அடித்தது. மங்கல் கண்ணுக்கும் அது தெரிந்துவிட்டது. பழத்தை உள்ளங்கையில் துப்பினார்; பாதி உள்ளே போய்விட்டது, அன்றைய நோன்பு முறிந்தது.

"இனிமே உன் கண்ண நம்ப மாட்டேன் ஆயிஷா."

ஆமாம், பொய்தான் சொன்னேன். அந்தக் கை ஆடுவதைப் பார்த்த எவளும் சொல்வாள். மறுநாளிலிருந்து காபி கொண்டுவரும் பையனைக் கேட்டு நோன்பு திறந்தார்.

இருபத்தொன்பதாம் நோன்பு வந்தது. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. அதற்குள் இவர் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். இன்னொரு நாளை இந்த உடம்பு தாங்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. யா அல்லா, காட்டிவிடு என்று கேட்டுக்கொண்டே மேல்தளத்தில் நின்றேன். மற்றவர்கள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள்.

காட்டினான். வெட்டிப்போட்ட நகம் போல, தண்ணீரை ஒட்டி.

"ஏங்க! பிறைங்க! நாளைக்குப் பெருநாள்!"

கண்ணை இடுக்கினார். "எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"என் விரலுக்கு நேரா பாருங்க!"

"சூரியன் முங்கிடுச்சுன்னு சொன்ன கண்ணுதானே?"

"அல்லா மேல ஆணையா சொல்றேன். பிறை அங்கதான் இருக்கு."

என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. "என் உசுருக்காக நீ பொய்ச்சத்தியமும் பண்ணுவ புள்ள. எனக்குத் தெரியாதா?"

சாட்சிக்கு ஆள் பிடிக்கக் கீழே ஓடினேன். காபி பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதற்குள் பிறை இறங்கிவிட்டது. மகனைக் கேட்கலாம் என்றால் போனில் சிக்னல் இல்லை. கப்பல் இணையம் வீண்செலவு என்று வேண்டாம் என்றதும் இவர்தான்.

மறுநாள் விடியுமுன் எழுந்து தயிர்ச்சோறு சாப்பிட்டு, ஊசி போட்டு, நோன்பு வைத்தார். நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு சர்க்கரைத் தண்ணீரோடு எதிரில் உட்கார்ந்தேன்.

"பெருநாளன்னைக்கு நோம்பு ஹராம்ங்க."

"பெருநாளா இருந்தாத்தானே?"

மதியம் லுஹர் தொழ நின்றார். சஜ்தாவில் நெற்றி வைத்தவர் எழவில்லை. துஆ கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் உடம்பு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

கப்பலின் அடித்தளத்தில் சின்ன ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏறியது. இடது கை விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது. மலையாளத்து நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தலையில அடைப்பு அம்மா. பெரிய ஆஸ்பத்திரி வேணும். கரைக்கு இன்னும் மூணு நாள். ஹெலிகாப்டர் இவ்வளவு தூரம் வராது." வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றாள்.

பொழுது சாய்ந்தது. கட்டிலுக்கு மேலே வட்ட ஜன்னல். அதில் பிறை, தடியாக, உயரத்தில், அவசரமில்லாமல் நின்றது. முதல் பிறை அப்படி நிற்காது. இது இரண்டாம் பிறை என்று எங்கள் தெருப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

கண் திறந்தார். நாக்கு குழறியது. "பிறை... தெரியுதா புள்ள?"

நேற்றே சொன்னேனேய்யா, பாவி மனுஷா, என்று தொண்டைவரை வந்தது. சொன்னால்? விலக்கிய நாளில் நோன்பு வைத்து, உடம்பை ஒன்றுமில்லாததற்குத் தொலைத்தோம் என்று அறிந்துகொண்டே இவர் அந்த மூன்று நாளும் கிடக்க வேண்டும்.

"தெரியுதுங்க. இப்பத்தான் தெரியுது. மெலிசா, நூல் மாதிரி. நாளைக்குத்தான் பெருநாள்."

பாதி முகம் சிரித்தது. "பாத்தியா... நான் சொன்னேன்ல? ஒண்ண மட்டும் நீ கெடுத்துட்ட. மிச்சம் அத்தனையும்... மீரா உசேன்கிட்ட சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"நோம்பு தொறக்கணும்."

நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். விரலைத் தண்ணீரில் நனைத்து அந்த வெடித்த உதட்டில் தடவினேன். யாரையும் கேட்காமல், என் சொல்லை நம்பி, பிஸ்மில்லா சொன்னார்.