சர்க்யூட் படித்த பூச்சிகள்

தன் வீட்டுப் பூச்சிகளுக்கு சர்க்யூட் படம் படிக்கத் தெரியும் என்று ஓய்வுபெற்ற மெக்கானிக் போனில் அறிவித்தார். எழுத்துள்ள பக்கத்தை ஒரு கடிகூடக் கடிக்காமல், படமுள்ள தாளை மட்டும் தேடிப்பிடித்துத் தின்றிருக்கின்றனவாம். அதுவும் அவர் சேர்த்துவைத்த நூற்றுப் பதினாறு எந்திரப் புத்தகங்களில். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் சால்டரிங் வைக்கவும் கற்றுக்கொண்டிருக்கும் என்று சிரிப்பு வேறு.

மறுமுனையில் மைத்துனருக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு போட்டுவந்த அவருடைய ஒரே காலுறை பின்னும் எந்திரம் எட்டு நாளாக நின்றுகிடந்தது. கோளாறு கன்ட்ரோல் போர்டில். செய்த கம்பெனி மூடிப் பதினெட்டு வருடம். எந்த ஒயர் எங்கே போகிறது என்ற படம் கிடைத்தால் தன்னைக் கூப்பிடலாம், கிடைக்காவிட்டால் பழைய இரும்புக்கடைக்காரரைக் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் பழுதுபார்க்க வந்தவர். அந்தப் படம் இருந்ததோ அக்கா வீட்டுக்காரரான இந்த மெக்கானிக்கின் தகரப் பெட்டியில். அவர் எதையும் இரவல் தராத மனிதர். தராமலிருக்கப் பூச்சிமேல் பழி போடுகிறார் என்று முடிவுகட்டி, மறுநாள் காலையில் மைத்துனர் நேரிலேயே வந்து நின்றார்.

"பூச்சிக் கதையெல்லாம் அப்புறம் கேக்கறேன் அத்தான். பெட்டியத் தெறங்க."

"தெறக்கறேன் மாப்ள. கொஞ்சம் மரியாதையா எட்டிப்பாரு. உள்ள எல்லாம் படிச்சதுங்க."

புத்தகங்கள் நேற்று அச்சடித்தவைபோலப் பளபளத்தன. வழவழப்பான தாள், பூச்சி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மைத்துனர் தன் எந்திரத்தின் புத்தகத்தைத் தேடியெடுத்து, கடைசியில் மடித்திருந்த பெரிய படத்தை விரித்தார். வந்தது வெறும் துணி. அங்கங்கே நகக்கண் அளவு காகிதத் துணுக்கு. ஒன்றில் அரைக் கோடு இருந்தது.

அடுத்த புத்தகத்தைத் திறந்தார். அதற்கடுத்ததை. எல்லாவற்றிலும் துணி.

"துணி எதுக்கு?"

மடிப்பில் கிழியக் கூடாதே என்று, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதல் வருடம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அவரே துணி ஒட்டியிருந்தார். பசைகூடக் கடையில் வாங்கியதில்லை. மைதா காய்ச்சிய சொந்தத் தயாரிப்பு. ஐந்து கிலோ மாவு பிடித்தது என்று கணீரென்று ஆரம்பித்தவர், பூச்சிக்கு அதைவிட விருந்து உண்டா என்று சொல்லும்போது மைத்துனர் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் ஞாபகத்திலிருந்து வரைந்து பார்த்தார். அறுபத்திரண்டு ஒயரில் பதினொன்று வந்தது. பன்னிரண்டாவதில் பேனா நின்றது. பூச்சிகளையே கூப்பிட்டுக் கேட்கலாமா என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மைத்துனரின் போன் அடித்தது. அவர் மனைவி. அக்கா வீட்டுக்காரர் படத்தை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார், கண்டுபிடித்தாயிற்றா என்று கேட்டாள்.

"ஒளிக்கல," என்றார் மைத்துனர். "இரும்புக்கடைக்காரர வரச் சொல்லிடு. அத்தான் சொன்னது நெசந்தான். படத்த மட்டுந்தான் தின்னிருக்கு."