ஒண்டிக்கட்டைச் செடி

இலையைக் கொதிக்க வைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் வெள்ளி உப்புக் கரைசலை ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாகிச் சாறு பழுப்பாகும். எவ்வளவு வேகத்தில், எந்தப் பழுப்பு என்பது செடிக்குச் செடி மாறும். நெருங்கிய சொந்தங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அதை வைத்து எது எதற்கு அண்ணன், எது சித்தப்பா மகன் என்று வம்சம் பார்ப்பதுதான் என் வேலை. ஊர்ச் செடிகளுக்கெல்லாம் உறவு தேடுகிறவனுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்று ஆய்வகத்தில் கேலி செய்வார்கள். செய்யட்டும், பொய்யா சொல்கிறார்கள்?

ஆய்வகத் தோட்டத்தில் வாடிக் கிடந்த ஒரு செடியைத் தொட்டியோடு என் அறைக்குத் தூக்கிவந்திருந்தேன். காலையில் அதனிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவேன். அந்த இனத்துக்கான இலையையும் அதிலிருந்தே பறித்தேன். அதன் சாறு மட்டும் பழுப்பாகாமல் பால்போலக் கலங்கியது. கணினி வரைந்த வம்சக் கிளைகளில் அது எவரோடும் ஒட்டாமல் மூலையில் தொங்கியது. ஒண்டிக்கட்டை என்று பெயர் வைத்தேன். யாரும் அறியாத தனி வம்சம் என்று கட்டுரையும் எழுதினேன். என் வேலை நீடிப்பதே அந்தக் கட்டுரையை நம்பித்தான். ஆனாலும் உள்ளதைச் சொன்னால், என்னைப்போல இன்னொன்று இருக்கிறதே என்பதுதான் பெரிய சந்தோஷம்.

அனுப்பும் முன் பக்கத்து மேசைக்காரி படித்துப் பார்த்தாள்.

"இந்தச் செடிய எங்க வச்சிருக்கீங்க?"

"என் ரூம்ல. ஜன்னலோரமா."

"என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"குழாய்த் தண்ணிதான்."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. எங்கள் தெருக்குழாயில் வருவது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். அந்த உப்பு சேர்ந்தால் வெள்ளி வெள்ளையாகத் திரிந்துவிடும், பள்ளிக்கூடப் பாடம். நான் பாசமாக ஊற்றியதைத்தான் இலை திருப்பிக் கொடுத்திருக்கிறது. அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்கவில்லை.

தோட்டத்தில் நின்ற அதே இனத்தின் இலையைப் பறித்து மறுபடி செய்தேன். சாறு அழகாகப் பழுப்பானது. கணினி அதை ஒரு பெரிய குடும்பத்தின் நடுவில், அக்கா தங்கைகளோடு உட்கார வைத்தது. அதற்கு எப்போதும் சொந்தம் இருந்திருக்கிறது. என்னிடம் வந்துதான் ஒண்டிக்கட்டையாகியிருக்கிறது. கட்டுரையை அழித்தேன். வேலை போய்விடுமே என்ற கவலைகூடப் பிறகுதான் வந்தது.

தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் கூட்டத்துக்கு நடுவில் வைத்தேன். மழைத் தண்ணீர் பட்டால் தேறிவிடும் என்றார் தோட்டக்காரர்.

மறுநாள் காலை அறையைப் பூட்டும்போது பழக்கத்தில் "போயிட்டு வரேன்" என்றேன். ஜன்னலோரத்தில், தொட்டி இருந்த இடத்தில், உப்புக் கறை வட்டமாகப் படிந்திருந்தது.