பட்டி பார்த்த பெட்டி

கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து, ஃபைபர் படகு கட்டும் ஜெயப்பிரகாஷ் அந்தப் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

“மேல வையேன்யா. உள்ள என்ன கொழந்தையா இருக்கு?”

“ஃபைபருங்க. கீறல் வுழுந்துடும்.”

“போட்டு செய்யிற ஃபைபரா? கடல்ல தூக்கிப் போட்டாலே மெதக்குமே. அப்புறம் என்ன பயம்?”

மிதக்காது என்று அவன் பயப்படவில்லை. தங்கை அனுப்பிரியா அனுப்பிய அளவுச் சீட்டை வைத்துப் பத்து நாள் செய்த கம்ப்யூட்டர் பெட்டி அது. படகில் அரை அங்குலம் முன்னே பின்னே இருந்தால் கடல் கேட்காது. இதில் ஒரு நூல் பிசகினாலும் உள்ளே ஒன்றும் உட்காராது.

அனுவின் பழைய இரும்புப் பெட்டியைக் கடலூர்த் துறைமுகத்து உப்புக்காற்று தின்றுவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு சிதம்பரத்துக்கு வந்த இடத்தில், தூக்கியபோது அடித்தகடு மேசையிலேயே தங்கிவிட்டது. உள் சாமான்களை வெறும் மேசையில் பரப்பி வைத்து ஓட்டினாள். பல்லி விழுந்து புகைந்தது. அதோடு ஒரு கம்பெனி வேலை போனது. அதற்கு முன்னால் ஒன்று, பாதியில் மெஷின் நின்று போனது. இப்போது மூன்றாவது. ஒரு நிமிடக் கார்ட்டூன் படம் செய்து இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பினால் வீட்டிலிருந்தே வேலை. படத்தை வரைந்து முடித்துவிட்டாள். கம்ப்யூட்டர் அதைக் கோத்து முடிக்க ஐந்தேகால் மணி நேரம் விடாமல் ஓட வேண்டும்.

“இதுவும் போச்சுன்னா நான் துணிக்கடைக்கே போயிடுறேண்ணா” என்று போனில் சொல்லியிருந்தாள்.

சிதம்பரத்து வீட்டு வாசலில் அனுவின் மாமியார் பூவம்மாள் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“கட்டிலு, பீரோன்னு சீரு பாத்திருக்கேன். தம்பி புதுசா போட்டு கொணாந்திருக்கு.”

“போட்டு இல்லத்தே.”

“நீல கலரு அடிச்சு வழவழன்னு இருக்கு. ஒரு நம்பரு எழுதுனா கடலுக்கே போயிடலாம்.”

உள்ளே எல்லாம் சரியாக உட்கார்ந்தது. கடைசித் திருகாணி ஏறியதும்தான் ஜெயப்பிரகாஷுக்கு மூச்சு வந்தது. பதினொன்றேகாலுக்கு அனு ஓட விட்டாள். திரையின் ஓரத்தில் ஓர் எண் ஏறிக்கொண்டே போனது. அறுபது, எழுபத்தைந்து, எண்பத்தெட்டு.

“அது என்னாம்மா?”

“சூடு. காத்து போனா எறங்கிடும்.” அவள் பெட்டியின் முன்பக்கம் கையை வைத்தாள். கீழே குனிந்து பார்த்தாள். “அண்ணா, ஓட்டைங்க எங்க?”

“எந்த ஓட்டை?”

“முன்னால அடியில நாப்பது ஓட்டை எழுதியிருந்தேனே.”

“போட்டேன். நாப்பதும் எண்ணிப் போட்டேன்...”

சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. முந்தாநாள் சாயங்காலம் பொன்னுரங்கத்தின் படகில் ஓட்டை அடைக்கப் பட்டி கலக்கியது ஞாபகம் வந்தது. கால் டப்பா மிச்சம். கலந்த பட்டி பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும், யாரும் வீணாக்க மாட்டார்கள். பொன்னுரங்கத்தோடு பேசிக்கொண்டே பக்கத்தில் கிடந்த இந்தப் பெட்டியில் இழுத்துவிட்டான். ஓட்டை என்று கண்டால் அவன் கை அடைத்துவிடும். இருபது வருடத்துக் கை. மறுநாள் காலையில் தேய்த்துப் பெயின்ட்டும் அடித்தாயிற்று.

“அடைச்சுட்டேன்மா” என்றான்.

“நெசமாவா?”

“மிச்சம் வீணாப் போவுதேன்னு...”

பூவம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அனுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“தொண்ணூத்தஞ்சு. தொண்ணூத்தெட்டு வந்தா அதுவே நின்னுடும்ணா.”

“நிறுத்திட்டு மறுபடி ஓட்டேன்.”

“மணி பன்னெண்டு ஆவப்போவுது. மொதல்லேருந்து ஆரம்பிச்சா அஞ்சுக்கு முடியாது.”

மேல்மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார்கள். எண் தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கி நின்று, அப்புறம் மெல்ல ஏறத் தொடங்கியது. கீழே காற்று போக வழியில்லை.

“கம்பியைக் காய்ச்சிக் குத்தேன் தம்பி” என்றார் பூவம்மாள்.

“இது உருகாதுத்தே, கருகிடும். ஃபேன் எல்லாத்தையும் ஒரு நிமிசம் நிறுத்துங்க. யாரும் பேசாதீங்க.”

“ஃபேனை நிறுத்தவா? இந்தச் சூட்டுலயா?” அனுவின் குரல் உடைந்தது.

“ஒரே நிமிசம்மா.”

வீடு அடங்கியது. சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துப் பெட்டியின் முன்பக்க அடியில் தட்டினான். படகின் உடம்பில் உள்ளே காற்றுப் பிடித்திருக்கிறதா என்று இப்படித்தான் பார்ப்பான். ஃபைபர் இருக்கும் இடம் கணீரென்றது. பட்டி இருக்கும் இடம் மொத்தென்றது. மொத்தென்ற இடத்தில் எல்லாம் பூவம்மாளின் கண்மையை வாங்கிப் புள்ளி வைத்தான்.

“தொண்ணூத்தாறு.”

“ஃபேனைப் போடு. ஈரத்துணியை உள்பக்கம் ஏந்திப் புடி. தூள் மெஷின்ல வுழக் கூடாது.”

ஸ்க்ரூ டிரைவர் முனையை முதல் புள்ளியில் வைத்துத் திருகினான். பட்டி பொடிந்தது. இரண்டாவதில் முனை வழுக்கி, வழவழப்பின் மேல் நீளமாக ஒரு கீறல் போட்டது. அதைப் பார்க்க நேரமில்லை. ஏழு, பன்னிரண்டு.

“எவ்ளோம்மா?”

“தொண்ணூத்தேழு.”

“ஐயோ, கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்.”

பத்தொன்பதாவது ஓட்டை திறந்தபோது விரலில் சில்லென்று காற்று உரசி உள்ளே போனதை உணர்ந்தான். பெட்டி மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது.

“தொண்ணூத்தி நாலு” என்றாள் அனு. கொஞ்சம் கழித்து, “எண்பத்தொம்போது.”

முப்பத்தொன்றோடு கையில் கொப்புளம் வந்து நிறுத்தினான். பூவம்மாள் சோறு போட்டுக் கூப்பிட்டார்.

“வேணாத்தே. முடியட்டும்.”

“நீ பட்டினி கெடந்தா அது சீக்கிரம் ஓடுமா?”

அவன் எழுந்திருக்கவில்லை. எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது எண்பத்திரண்டில் நின்றது. ஒவ்வொரு தடவை எண்பத்து மூன்றைத் தொட்டபோதும் அவன் கை தானாக ஸ்க்ரூ டிரைவருக்குப் போனது. நாலரைக்குப் படம் முடிந்தது. அனுப்பும்போது திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது.

நாலே முக்காலுக்கு அனு நாற்காலியில் சாய்ந்தாள்.

“போயிடுச்சுண்ணா.”

“போனது போனதுதானே? திரும்பி வந்துடாதே?”

“வராது.”

அப்போதுதான் அவன் சோற்றுத் தட்டைக் கேட்டான்.