மெத்தைக்காரர் வீட்டு இரண்டாம் பூனை

மெத்தைக்காரர் வீட்டுச் சாம்பல் பூனை செத்து நான்கு வருடமாகியும் வீட்டைக் காலி செய்யவில்லை. தட்டில் வைத்த பால் குறைந்தது. ஜன்னலோரம் கிடந்த சின்ன மெத்தையில் மதியமானால் ஒரு பள்ளம் விழுந்தது, தொட்டால் சில்லென்றிருந்தது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்காரர் அதன் பங்கை வழக்கம்போல ஊற்றிவிட்டுப் போனார்.

அது மெத்தைக்காரர் மகளின் பூனை. மகள் பள்ளியில் சேர்ந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் படுத்த மெத்தையை விட்டுப் பூனை இறங்க மறுத்தது. மெத்தைக்காரர் அந்த மெத்தையைப் பிரித்து, அதே பஞ்சில் பூனை அளவுக்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டார். அடுத்த வருடம் பூனையும் அதிலேயே செத்தது. செத்ததோடு சரி, எங்கேயும் போகவில்லை. மெத்தைக்காரரின் மனைவி கணவரிடம் பேசியதைவிட அதனிடம் பேசியதுதான் அதிகம்.

பிறகு ஒரு நாள் கடைக்கு வந்த பஞ்சு மூட்டையை அவிழ்த்தபோது உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குத் தூக்கிவந்தார். மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"இது உள்ள வந்தா அது கோவிச்சுக்கிட்டுப் போயிடும். அவ கை பட்டதுல உசுரோட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதாங்க."

உசுரோடவா என்று கேட்க வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டு, கால்நடை டாக்டரிடம் போனார். குட்டியைத் தனி அறையில் வைக்க வேண்டும், மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு வைக்க வேண்டும், ஒன்றின் படுக்கையை மற்றதற்குப் போட்டு வாசனை பழக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"பழைய பூனைக்கு என்ன வயசு?"

"அது செத்து நாலு வருஷம் ஆச்சுங்க."

டாக்டர் மருந்து எழுதுவதை நிறுத்தவில்லை. "அப்ப இன்னும் கொஞ்சம் பொறுமையாப் பண்ணுங்க. வயசானது லேசுல மாறாது."

சொன்னபடி ஆரம்பித்தார்கள். கதவருகே குட்டி ரோமம் சிலிர்த்துச் சீறும், வெளிப்பக்கத் தரை ஜில்லிட்டுப் போகும். மெத்தைக்காரருக்குப் பொறுமை கிடையாது. பழைய பஞ்சையும் புதுப் பஞ்சையும் கலந்து அடிப்பது அவருக்குக் கைவந்த வேலை. இரண்டு வாசனையையும் ஒன்றாக்கிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைத்தார். மனைவி கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, சின்ன மெத்தையைக் கிழித்து, குட்டி வந்த மூட்டைப் பஞ்சோடு சேர்த்து, கூடத்தில் உட்கார்ந்து பஞ்சடிக்கும் வில்லால் அடித்தார்.

பஞ்சு மேலே பறந்தது, கீழே இறங்கவில்லை. அன்று முதல் தட்டில் பால் ஆடை கட்டிக் கிடந்தது. "அடிச்சே விரட்டிட்டீங்க" என்று சொன்னதோடு மனைவி பேச்சை நிறுத்தினாள். மகளை இரண்டாம் தடவை தூக்கிக் கொடுத்தது போல அவருக்கு இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் மிதக்கிற பஞ்சைக் கையால் விலக்கிக்கொண்டு உட்கார்ந்து, நாலு தும்மல் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். அறைக்கதவைச் சாத்தும் அக்கறைகூட யாருக்கும் இல்லாமல் போனது.

அப்படித் திறந்து கிடந்த கதவு வழியாக ஒரு காலையில் குட்டி வெளியே வந்தது. ஜன்னலோரம் போய், ஒன்றுமில்லாத இடத்தை நக்க ஆரம்பித்தது. பஞ்சு மெல்ல இறங்கி அங்கே படிந்தது. முதலில் இரண்டு காது, பிறகு முதுகு, வால் என்று பழைய பூனை பஞ்சிலேயே உருவாகிப் படுத்திருந்தது. குட்டி அதன் வயிற்றில் தலை வைத்துக்கொண்டது. பஞ்சு இன்னும் இறங்கியது. பூனையின் முதுகுக்கு மேலே ஐந்து விரல், ஒரு மணிக்கட்டு. அந்தக் கை பூனையைத் தடவிக்கொண்டிருந்தது.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, தொடாமல், தன் கையை அதன் அருகே வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. கையப் பாருங்க. நம்ம புள்ள வளந்திருக்கா."

மெத்தைக்காரர் பார்த்தார், நின்றபடியே அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டேப்பை எடுத்தார்.

"இப்ப எவ்வளவு உசரம் இருப்பா?"

மனைவி எழுந்து தன் தோளுக்குச் சற்றுக் கீழே கை வைத்துக் காட்டினாள். வளர்கிற பிள்ளை என்பதால் அவர் மெத்தைத் துணியை ஒரு சாண் கூடுதலாகவே வெட்டினார், கால்மாட்டில் இரண்டு பூனைக்கும் இடம் விட்டு.