பெடல் அதிரும்போது

மச்சினி கார் விபத்தில் போன பிறகு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இன்றுதான் வகுப்புக்கு வந்தார். துக்கம் எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தார். மரத்துக் கிடந்தது. கை பாட்டுக்குப் பலகையில் ஏ.பி.எஸ். என்று எழுதியது, வாய் பாட்டுக்குப் பேசியது.

"ஜெர்மன்காரங்க வெச்ச பேரு. நடுவுல இருக்கிற பி, பிரேக் இல்லீங்க. பிரேக்கை ஒரேயடியா மிதிச்சா சக்கரம் சுத்தாம பூட்டிக்கும் பாருங்க, அந்தப் பூட்டு, அவங்க பாஷையில 'பிளாக்கியர்'. அது விழாம தடுக்கிறதுதான் இது. இங்கிலீஷ்காரங்க பின்னாடி அதே மூணு எழுத்துக்குள்ள பிரேக்கை நுழைச்சுட்டாங்க."

"கார்லதான் முதல்ல வந்துச்சா?" என்றார் கற்றுக்கொள்ள வந்திருந்த தையல்கார அம்மா.

"விமானத்துலம்மா. அது கிடக்கட்டும். அவசரத்துல மிதிச்சா பெடல் படபடன்னு அதிரும். அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயந்து காலை எடுத்துடாதீங்க. அழுத்திக்கிட்டே இருங்க."

வருஷக்கணக்காக ஊராருக்கெல்லாம் சொன்ன பேச்சு. இன்று சொன்னதும் சாக்பீஸைக் கீழே வைத்தார். தண்ணீர் குடித்தார்.

வீட்டில் மனைவி, கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மழையில் அவள்தான் காரை ஓட்டினாள், பக்கத்தில் தங்கை. முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. அதைப் பற்றி இதுவரை அவரிடம் அவள் வாயே திறக்கவில்லை.

"பிரேக்கு காலை உதறுச்சுங்க. கெட்டுப்போச்சுன்னு காலை எடுத்துட்டேன். சரிதானே?"

பாவம், சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றாவது தூங்குவாள்.

"சரிதான்" என்றார்.

"பொண்ணுகிட்டயும் சொல்லி வெச்சேன். உதறினா உடனே காலை எடுத்துடுன்னு. நாளைக்குப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வர்றாளே."

அடக் கடவுளே! சொன்ன வாய் மூடுவதற்குள் பொய் பேரப்பிள்ளைகள் வரைக்கும் போய்விட்டது.

"எடுக்கக் கூடாது" என்றார். "அழுத்திக்கிட்டே இருக்கணும்."

அவள் அழவில்லை.

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"என்கிட்ட கத்துக்கிட்டவங்களுக்குத் தெரியும்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

தனக்குத் தெரிந்தது வீட்டிலும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். இதை எந்த முகத்தோடு சொல்ல?

அவள் நல்ல கையால் போனை எடுத்து நீட்டினாள். "கூப்பிட்டு நீங்களே சொல்லுங்க."

மகள் எடுத்தாள். "என்னப்பா?"

"ஜெர்மன்காரங்க வெச்ச பேரு" என்று வாய் பாட்டுக்கு ஆரம்பித்தது. நிறுத்தினார்.

"காலை எடுக்காதேம்மா" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். மனைவி போனை வாங்கி, மீதியைத் தானே சொன்னாள்.